மேலூரிலிருந்து வந்த அம்மா

உண்மை ஒன்றே. அது ஊருக்கு ஊர் மாறாது, காலத்தால் அழியாது, ஆளுக்கொரு முகம் காட்டாது. அதற்கு இரண்டு விலாசங்கள் இருக்கவே முடியாது.

மத்திய அரசு ஊழியருக்கு மட்டும் இருக்கலாம். ஒன்று அவர் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ். இன்னொன்று, எல்.டி.சி. என்கிற அரசாங்கச் செலவுப் பயணத்தில் குடும்பத்தோடு போய்வருவதற்காக ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிற சொந்த ஊர்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிற செக்‌ஷன் ஆபீசர் இளஞ்செழியன் போன வாரம் அந்த இரண்டாவது விலாசத்தைப் பயன்படுத்திக்கொண்டார். மகள் சிந்துவுக்குத் தென் டெல்லியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் ஹாஸ்டல் வெளியூர்ப் பெண்களுக்கு மட்டும் என்பது கல்லூரி விதி. இளஞ்செழியன் யோசிக்கவே இல்லை. பெற்றோர் வசிப்பது மதுரை மாவட்டம் மேலூரில் என்று சொல்லி ஹாஸ்டலையும் வாங்கிவிட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இந்திய அரசாங்கமே ரயில் சார்ஜ் குடுத்து என்னைய மேலூருக்கு அனுப்புது. கவர்மெண்டே நம்புறத ஒரு வார்டன் நம்பக் கூடாதா?" என்று மனைவி உஷாராணியிடம் கேட்டார். கேள்வியில் குற்ற உணர்ச்சி இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கல்லூரிக்கு அவர்கள் வீட்டு வாசலிலிருந்தே பஸ் இருந்தது. பிறகு எதற்கு ஹாஸ்டல்?

காரணம் சாணக்யபுரியில், சத்திய மார்கில், ஒரு பெரிய குவார்ட்டர்ஸில் இருந்தது. அதன் பெயர் வடிவு.

வடிவு இளஞ்செழியனின் அண்ணன் மனைவி. அண்ணன் அழகர்சாமி டெபுடி செக்ரட்டரி. மூத்த மகன் பிறந்த காலத்தில் அவர்கள் அப்பா அய்யாசாமி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இளையவன் பிறந்த காலத்தில் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். பெயர்களைப் பார்த்தாலே தெரியும்.

போன வருடம் வடிவின் மகன் கௌதமன் கான்பூர்ப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மலை மந்திர் முருகன் கோயிலில் வடிவு ஒரே விஷயத்தைப் பேசினாள்.

"வீடே வெறிச்சுனு கெடக்கு உஷா. சோத்தப் பெசஞ்சு வாயில வச்சா தொண்டையில எறங்க மாட்டேங்குது. ஒனக்குச் சொன்னாப் புரியாது. நீ பிள்ளைய மடியிலேயே வச்சிருக்க."

இதைச் சொல்லும்போது வடிவு இரண்டாவது தொன்னை சர்க்கரைப் பொங்கலில் இருந்தாள்.

வடிவு வீட்டில் கலர் டி.வி. வந்தபோது உஷாராணி ஆறு மாதத்தில் ஈடு கட்டினாள். ஃபிரிட்ஜ் வந்தபோது ஒரு வருடம் ஆனது. சோபாவுக்குச் சரோஜினி நகரில் உறை தைத்தே சமாளித்தாள். இந்தப் பிரிவுத் துயரத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அந்தத் துயரமும் சீனியாரிட்டிப்படி மூத்தவளுக்கே அலாட் ஆகியிருந்தது. தனக்கும் ஒரு பிள்ளை ஹாஸ்டலில் இருக்க வேண்டும், தன் வீடும் வெறிச்சோட வேண்டும், தனக்கும் தொண்டையில் சோறு இறங்கக் கூடாது என்று உஷாராணி முருகனிடமே நேரில் சொல்லிவிட்டாள்.

முருகன் கொடுத்தார். கொடுத்த இடத்தில் ஒரு சிக்கலும் வைத்தார்.

வெளியூர்ப் பெண்ணுக்கு டெல்லியில் ஒரு லோக்கல் கார்டியன் வேண்டும். ரத்த சொந்தமாக இருந்தால் நல்லது. இளஞ்செழியனுக்கு டெல்லியில் இருந்த ஒரே ரத்த சொந்தம் அழகர்சாமி.

"அதுக்கென்ன, நாங்க இருக்கோம்" என்றாள் வடிவு. கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள். அந்த வேகம்தான் உஷாராணிக்குப் பிடிக்கவில்லை.

ஹாஸ்டலில் சேரும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. காலையிலேயே மூட்டை முடிச்சோடு மூவரும் சத்திய மார்குக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யைத் திட்டமிட வேண்டியிருந்தது. தெருவின் பெயரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அழகர்சாமி இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். வீட்டில் நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் அவருக்கு அது மீட்டிங் ஆகிவிடும்.

"ஆக, காலைல ஒங்க ட்ரெயின் நியூ டெல்லி ஸ்டேஷனுக்கு வந்துருச்சு."

"எங்க ட்ரெயினா?" என்றாள் சிந்து.

"தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். நீ, ஒங்கப்பா, ஒங்கம்மா. எஸ் செவன்."

"எனக்கு விண்டோ சீட்டா பெரியப்பா?"

"வெளையாட்டு இல்லம்மா. வார்டன் கேட்டா மூணு பேரும் ஒரே பதில் சொல்லணும். இல்லாட்டி ஹாஸ்டலும் போச்சு, எம்பேரும் போச்சு. டேய் செழியா, சூட்கேஸுக்குச் சங்கிலி போட்டியா?"

"போட்டுருக்கேண்ணே. பழைய ட்ரெயின் டேக்கையும் தொங்க விட்டுருக்கேன்."

"குட்."

உஷாராணி இந்த நாளுக்கென்று மாம்பழக் கலரில் ஒரு மைசூர் சில்க் வாங்கியிருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வடிவு அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"பட்டு நல்லாருக்கு உஷா. ஆனா ட்ரெயின்ல ரெண்டு ராத்திரி படுத்து எந்திரிச்ச மாதிரி இல்லையே."

"அதுக்கு?"

"எங்கிட்ட ஒரு பழைய காட்டன் கெடக்கு. வேலைக்காரிக்குக் குடுக்கலாம்னு எடுத்து வச்சேன். நல்லாக் கசங்கிருக்கும். தாரேன், கட்டிக்க."

உஷாராணி புருஷனைப் பார்த்தாள். இளஞ்செழியன் சட்னியைப் பார்த்தார்.

"பாயிண்டுதான்" என்றார் அழகர்சாமி. "வடிவு சொல்றதுல லாஜிக் இருக்கு."

பத்து நிமிடத்தில் உஷாராணி கசங்கிய காட்டனில் வந்து உட்கார்ந்தாள். நாப்தலின் உருண்டை வாசனை அடித்தது. எதிரே வடிவு கிளிப்பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். லோக்கல் கார்டியன் ரயிலில் வர வேண்டியதில்லை அல்லவா?

"அடுத்தது பாஷை" என்றார் அழகர்சாமி. "உஷா, நீ அங்க ஹிந்தி பேசக் கூடாது."

"என்ன மாமா சொல்றீங்க?"

"மேலூர்ல ஹிந்தி ஏது? எங்கப்பாவே எதுத்து ஊர்வலம் போனவரு. அந்த ஊருப் பொம்பள வந்து பொளந்து கட்டுனா சந்தேகம் வராதா? நீ தமிழ் பேசு. அதையும் கொறச்சுப் பேசு."

இது சாதாரண உத்தரவு அல்ல. உஷாராணியிடம் வடிவுக்கு இல்லாத சொத்து ஒன்றே ஒன்று உண்டு என்றால் அது ஹிந்திதான். சரோஜினி நகர் கடைக்காரர்கள் அவளைப் பஞ்சாபி என்று நினைத்துப் பயந்தார்கள். வடிவோ கல்யாணமாகி வந்த வருடம் கற்றுக்கொண்ட பத்து வார்த்தைகளை வைத்தே இன்றுவரை தலைநகரை ஆண்டுவந்தாள். அவள் பேரம் பேசினால் கத்தரிக்காய் விலை ஏறும்.

"அப்ப அங்க யாரு பேசுறது?"

"நாந்தான்" என்றாள் வடிவு. "எல்லாம் நான் பாத்துக்கிடுறேன். நீ கவலப்படாத."

"இவரு?"

"செழியன் இங்கிலீஷ் பேசட்டும். மேலூர்ல இங்கிலீஷ் இருக்கு" என்றார் அழகர்சாமி. "கடைசிப் பாயிண்ட். ஆம்பளைங்க கீழ விசிட்டர்ஸ் ரூம்லயே இருந்துரணும். ஒரு பொண்ணுக்கு ஒரு லேடிதான் மாடிக்குப் போலாம். ஆக, வடிவு போறா."

உஷாராணி நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"மாமா, அவ அம்மா நான்" என்றாள் உஷாராணி.

"யாரு இல்லேன்னா? ஆனா மாடியில மேட்ரன் இருப்பா, பக்கத்து ரூம்காரங்க இருப்பாங்க. ஹிந்தியில ஏதாச்சும் கேப்பாங்க. நீ பதில் சொல்லிருவ. அங்கதான் ரிஸ்க்."

"நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வடிவு சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.

"சரி, ஒரு ரிகர்சல் பாத்துருவோம்" என்றார் அழகர்சாமி. சோபாவில் கிடந்த வடிவின் துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தினார். இந்திய அரசின் டெபுடி செக்ரட்டரி ஒரு நொடியில் ஹாஸ்டல் வார்டன் ஆனார். அவருக்கு அது நன்றாகவே பொருந்தியது.

"ம்ம். வாங்க. லட்கி கீ மா கௌன் ஹை?" என்று மெல்லிய குரலில் கேட்டார். பெண்ணின் அம்மா யார்?

"நாந்தான்" என்று ஹிந்தியில் சொல்லி முன்னால் வந்தாள் வடிவு.

துப்பட்டா அழகர்சாமியின் தோளிலிருந்து நழுவியது.

"மதினி, நீங்க லோக்கல் கார்டியன்" என்றார் இளஞ்செழியன் மெதுவாக.

"அட, ஒரு வேகத்துல வந்துருச்சு. யாரு சொன்னா என்ன, எல்லாம் ஒண்ணுதான?"

"ஒண்ணில்லக்கா" என்றாள் உஷாராணி. தமிழில்தான் சொன்னாள். குறைத்துத்தான் சொன்னாள்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவளின் பின்னாலேயே சிந்து வந்தாள். டெல்லியில் பிறந்த பெண். தமிழ் பேசுவாள், பாதியில் பெட்ரோல் தீர்ந்த மாதிரி ஹிந்திக்குப் போய்விடுவாள்.

"மம்மி, ப்ளீஸ். இன்னைக்கு ஒரு நாள் பேசாத, சுப் ரஹோ. நான் மேலூர்ல ஸ்கூல் படிச்சேன்னு வேற சொல்லணும். ஆல்ரெடி டென்ஷன்."

"நான் என்னடி கேட்டேன்? நீ மொத மொதலா வேற வீட்டுக் கட்டில்ல படுக்கப்போற. அந்தப் படுக்கைய நான் விரிச்சுட்டு வரணும். அம்புட்டுத்தான். வேற எதையும் அவளே வச்சுக்கிறட்டும்."

"யார் விரிச்சா என்ன, க்யா ஃபரக் பட்தா ஹை? பெரியம்மாவுக்கு ஹேபிட் இருக்கு. கௌதம் பையா டைம்ல பண்ணிருக்காங்க."

சிந்து நல்ல மனதோடுதான் சொன்னாள். உஷாராணி குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவினாள்.

ஹாஸ்டல் வாசலில் திருவிழாக் கூட்டம். டிரங்குப் பெட்டிகள், சுருட்டிய மெத்தைகள், பிளாஸ்டிக் பக்கெட்டுகள், அழுத கண்ணோடு அம்மாக்கள், வாட்ச் பார்க்கும் அப்பாக்கள். அழகர்சாமியின் மாருதி வந்து நின்றது. தலைமேல் மெத்தையும் வயிற்றுக்குள் ஐந்து பேருமாக அது மேலூரிலிருந்தே ஓடி வந்த மாதிரிதான் இருந்தது.

வார்டன் நல்லவள். நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. வடிவு தன் பத்து வார்த்தைகளோடு முன்னேறினாள்.

"நமஸ்தே ஜி. பச்சி. மதராஸ். ஹம் கார்டியன். சப் அச்சா."

"தாயார்?" என்று ஹிந்தியில் கேட்டாள் வார்டன்.

"இவ" என்று வடிவு கையைப் பின்னால் காட்டினாள். பக்கெட்டைச் சுமந்துகொண்டு, கசங்கிய சேலையில், வியர்த்துப் போய் உஷாராணி நின்றாள். "ஹிந்தி நஹி. பில்குல் நஹி."

வார்டனின் முகம் இரக்கத்தால் கனிந்தது. உஷாராணியின் தோளைத் தொட்டு, காது கேட்காதவரிடம் பேசுகிறமாதிரி சத்தமாக, "நீங்க... இங்க... உக்காருங்க. தண்ணி?" என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

உஷாராணி தலையை ஆட்டினாள். பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்ததால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

"விதிகளை நான் உங்களுக்கே சொல்றேன். உங்களுக்குப் புரியும். நீங்களே குழந்தையோட மேல போங்க" என்றாள் வார்டன் வடிவிடம்.

"அச்சா, அச்சா" என்றாள் வடிவு. சிந்துவின் தோளில் கை போட்டுக்கொண்டு படியேறினாள். கிளிப்பச்சைப் பட்டின் முந்தானை ஒவ்வொரு படியாக ஏறி மறைந்தது. சிந்து திரும்பிப் பார்த்தாளா, இல்லையா? பார்த்தமாதிரிதான் இருந்தது.

விசிட்டர்ஸ் ரூமில் அழகர்சாமி பேப்பர் படித்தார். இளஞ்செழியன் மேலூரின் பின்கோடை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். உஷாராணிக்கு எதிரே இரண்டு அம்மாக்கள். ஒருத்தி பாட்னா, ஒருத்தி போபால். மகள்களை மேலே விட்டுவிட்டு இறங்கி வந்தவர்கள். அழுது முடித்திருந்தார்கள். இனிப் பேசுவதற்கு ஆள் வேண்டும்.

"பாவம் மதராஸிக்காரி. ஒரு வார்த்தை புரியாது" என்றாள் பாட்னாக்காரி ஹிந்தியில், உஷாராணியைப் பார்த்துப் புன்னகைத்தபடியே.

உஷாராணியும் புன்னகைத்தாள்.

"பெத்த பிள்ளைய அடுத்தவ கூட்டிட்டுப் போறா. இவ பக்கெட் மாதிரி உக்காந்திருக்கா" என்றாள் போபால்காரி.

உஷாராணி பக்கெட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

"அந்தப் பச்சைப் புடவை கெட்டிக்காரி. பொண்ணும் அவ சாயல்தான். கவனிச்சீங்களா? இவ சாயல் கொஞ்சங்கூட இல்ல" என்றாள் பாட்னாக்காரி.

இளஞ்செழியனுக்கு ஹிந்தி புரியும். மனைவியின் கழுத்தில் நரம்பு எழுவதையும் பார்த்தார். "உஷா, வேணாம்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

அடுத்த அரை நிமிடத்தில் அந்த அறை கேட்டது சரோஜினி நகரில் புடம் போட்ட அசல் டெல்லி ஹிந்தி. அதைத் தமிழில் சொன்னால் பாதிச் சூடு போய்விடும். சாரம் இவ்வளவு:

"பெஹன்ஜி, சாயலப் பத்திப் பேச வந்துட்டீங்க. அந்த மூக்கு யாரு மூக்குன்னு கண்ணாடி போட்டுப் பாருங்க. பத்து மாசம் சுமந்தவ நான். மேல போயிருக்காளே, அவ மதர் டெய்ரியிலேர்ந்து பால் பாக்கெட்கூடச் சொந்தமாச் சுமந்ததில்ல. எம்பொண்ணு யாரு மாதிரி இருந்தா ஒங்களுக்கென்ன? ஒங்க பொண்ணு ஒங்க மாதிரி இருக்காளேன்னு நான் பாவம் பாத்தேனா?"

பாட்னாக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அழகர்சாமி பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

வாசலில் வார்டன் நின்றிருந்தாள்.

"உங்களுக்கு ஹிந்தி தெரியுமா?"

மேலூரில் இருந்த ஒரே இங்கிலீஷ் எழுந்து நின்றது.

"ட்ரெயினில் கற்றுக்கொண்டாள், மேடம்" என்றார் இளஞ்செழியன்.

"ட்ரெயினிலா? இரண்டே நாளிலா?"

"ட்ரெயின் கொஞ்சம் லேட், மேடம்."

வார்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உஷாராணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்ததா, அல்லது எத்தனையோ வருடமாக எத்தனையோ அம்மாக்களைப் பார்த்த அலுப்புத்தானா என்று சொல்ல முடியவில்லை.

"அப்படியானால் நீங்களே போங்கள். தாய்தான் போக வேண்டும். கார்டியனை நான் கீழே வரச் சொல்கிறேன்."

"நீங்க வேணாம் மேடம், நானே சொல்லிக்கிறேன்" என்றாள் உஷாராணி, பக்கெட்டை எடுத்துக்கொண்டு. மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

அறையில் வடிவு மெத்தையின் ஒரு பாதிக்கு விரிப்புப் போட்டிருந்தாள். மறுபாதியின் முனை அவள் கையில் இருந்தது.

"வந்துட்டேன்க்கா. நீங்க கீழ போங்க. ஒருத்தருக்குத்தான் பெர்மிஷன்."

"நீ எப்பிடி...? வார்டன் கிட்ட பேசிட்டியா? ஹிந்தியிலயா?"

"ஆமா."

"போச்சு. எல்லாத்தையும் கெடுத்துட்ட."

"ஒண்ணும் கெடல. அத விடுங்கக்கா."

எதை விடச் சொல்கிறாள் என்று வடிவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கையிலிருந்த துணி முனையைப் பார்த்தாள். கௌதமனின் ஹாஸ்டலில் பெண்களை வாசலுக்கு மேல் விடவில்லை. அவன் படுக்கையை அவனேதான் விரித்துக்கொண்டான். அதை அவள் இந்த ஒரு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. முனையைக் கட்டிலில் போட்டுவிட்டு விடுவிடுவென்று வெளியே போனாள்.

வடிவு போட்டிருந்த பாதி விரிப்பையும் உஷாராணி உருவினாள். உதறினாள். முதலிலிருந்து விரித்தாள். மூலைகளை மெத்தைக்கு அடியில் செருகினாள். தலையணையைத் தட்டி வைத்தாள்.

"மம்மி, இட்ஸ் த சேம் ஷீட்" என்றாள் சிந்து.

"இருக்கட்டும்."

சிந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு திடீரென்று விசும்பினாள். உஷாராணி அவள் முதுகைத் தடவினாள். இதற்காகத்தானே இவ்வளவும்.

"உன் மேல பெரியம்மா ஸ்மெல் வருது" என்றாள் சிந்து அவள் தோளில் முகம் புதைத்தபடி.

"சேலையக் கழட்டவா முடியும்? பேசாம அழு" என்றாள் உஷாராணி.

கீழே வார்டன் எல்லோரையும் உட்காரவைத்து விதிகளைச் சொன்னாள். சனிக்கிழமை மாலை பெண்களை வெளியே அழைத்துப் போகலாம். அழைத்துப் போகிற உரிமை லோக்கல் கார்டியனுக்கு மட்டும். தங்குவதும் லோக்கல் கார்டியன் வீட்டில் மட்டும். போனும் அவர்கள்தான் செய்யலாம். வெளியூர்ப் பெற்றோர்கள் கவலைப்பட வேண்டாம், தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

உஷாராணிக்கு முதலில் உறைக்கவில்லை. 'சனிக்கிழமை' என்ற சொல்லுக்கு வடிவு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சிந்து சத்திய மார்க் டைனிங் டேபிளில் உட்காருவாள். வடிவு பரிமாறுவாள். மேலூரில் இருக்கிற அம்மா தீபாவளிவரை கிட்வாய் நகரில் உட்கார்ந்திருப்பாள். வீடு வெறிச்சோடப் போகிறது. கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

"நீங்கள் எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?" என்று வார்டன் இளஞ்செழியனிடம் கேட்டாள்.

இனி ஒரு கேள்வியும் வரக் கூடாது என்று அவர் நினைத்தார். "இன்றே, மேடம். இன்றிரவு ட்ரெயின்."

"அடடா! அப்படியானால் நம் கல்லூரி வேனிலேயே போகலாமே. வெளியூர்ப் பெற்றோரை நியூ டெல்லி ஸ்டேஷனில் விடப்போகிறது. இப்போதே கிளம்புகிறது."

அழகர்சாமி அவசரமாக எழுந்தார். "வேண்டாம் மேடம், என் காரிலேயே நான்..."

அவர் முழங்கையை வடிவு பிடித்தாள். மாடியிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசினாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் பேசிய மிகத் திருத்தமான ஹிந்தி அதுதான்.

"வேன் அச்சா ஹை ஜி. ஹமாரா காடி சோட்டா ஹை." வேன்தான் நல்லது, எங்கள் கார் சின்னது.

பிறகு உஷாராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வார்டன் பார்க்க, தமிழில் சொன்னாள்.

"பத்திரமாப் போய்ட்டு வாங்க உஷா. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு. சனிக்கிழமைக்கு நான் இருக்கேன். புள்ளைக்கு என்ன புடிக்கும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

உஷாராணி கைகளை உருவிக்கொண்டு வேனில் ஏறினாள்.

வேன் வாசலில் இருந்து புறப்பட்டபோது வார்டன் நின்று கை அசைத்தாள். சிந்து மாடி ஜன்னலில் நின்றாள். மாருதி வேறு பக்கம் திரும்பிப் போனது.

வேனுக்குள் பாட்னாக்காரியும் போபால்காரியும் இருந்தார்கள். கோபம் எல்லாம் விசிட்டர்ஸ் ரூமோடு போயிருந்தது. மூன்று பேரும் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே. பாட்னாக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எங்களுக்காவது ஒரு ராத்திரிப் பயணம். நீங்கதான் எல்லாரையும்விடத் தூரம்" என்று சொல்லி உஷாராணியின் கையைப் பிடித்தாள்.

அவ்வளவுதான். உஷாராணி அழுதாள். பாவனை இல்லை. உண்மையான, மூக்கு ஒழுகும் அழுகை. வேனில் இருந்த அத்தனை பெற்றோரிலும் அவள்தான் அதிகம் அழுதாள். போபால்காரி கைக்குட்டை கொடுத்தாள். ஒரு அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வடிவு இதைப் பார்க்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

"எறங்கிருவோமா?" என்று இளஞ்செழியன் காதோரம் கேட்டார். "ஐ.என்.ஏ. சிக்னல்ல நிக்கும்."

"என்ன சொல்லி எறங்குவீங்க? மேலூர் வந்துருச்சுன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ஜூலை மாத டெல்லி மழை, சொல்லாமல் வருவது. அரவிந்தோ மார்கில் சிவப்பு விளக்கு விழுந்தது. வேன் நின்றது. வலது பக்கம் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வரிசை. பாட்னாக்காரி கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். முதல் மாடி பால்கனி ஒன்றில் கொடியில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்களேன், இப்படிக் கொட்டுது. துணிய எடுத்து உள்ள போட ஒரு ஆளில்ல. இந்த டெல்லிப் பொம்பளைங்களுக்கு ஊர் சுத்திட்டு வர்றதுக்குத்தான் நேரமிருக்கு" என்றாள்.

"ஆமாம் ஜி" என்றாள் உஷாராணி.

பால்கனியில் நனைந்துகொண்டிருந்தவை இளஞ்செழியனின் மூன்று பட்டாபட்டி அண்டர்வேர்கள்.